தவில் கேட்ட காதுக்கு பிளாக்கன்ட் டெத் மெட்டல்

முகத்தில் வெள்ளைச் சாயம், தொண்டை கிழியும் குரல், மூச்சுவிடாத டிரம்ஸ். இந்த மூன்றில் இரண்டு இருந்துவிட்டால் போதும், உடனே 'பிளாக்கன்ட் டெத் மெட்டல்' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். இந்தப் பெயரில் சுற்றும் பாட்டுத் தொகுப்புகளைப் பார்த்தால் கேனிபல் கார்ப்ஸ், டிம்மு போர்கிர், லாம்ப் ஆஃப் காட் என்ற குழுக்கள் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கின்றன. மூன்றும் வெவ்வேறு வகை. இசை புதிதாகக் கேட்க வருகிற ஒருவர் இவற்றுக்குள் என்ன ஒற்றுமை என்று தேடுவார், கிடைக்காது, 'எல்லாம் ஒரே இரைச்சல்' என்று எழுந்து போய்விடுவார். எனக்கு வருத்தம் அதில்தான். மெட்டல் என்பது மின்கிட்டாரை முன்னிறுத்தும் கனமான ராக் இசை; அதில் டெத் மெட்டல், பிளாக் மெட்டல் என்ற இரண்டு வகைகளின் கலவைதான் பிளாக்கன்ட் டெத் மெட்டல். இந்த இசைக்குத் தெளிவான கட்டுமானம் இருக்கிறது. எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் ஒரே வாரத்தில் பிடி கிடைத்துவிடும். காவிரிப் படுகையில் வளர்ந்தவர்களுக்கு இன்னும் சீக்கிரம் கிடைக்கும். காரணம், நாம் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த பெரிய மேளம்.

தவிலுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள்

கும்பகோணத்திலோ திருவாரூரிலோ சாமி புறப்பாட்டின்போது மேளம் தெருமுனையில் வரும்போது கேட்டுப் பாருங்கள். தூரத்தில் அது ஒரே முழக்கம். தவில்காரருக்குப் பக்கத்தில் போய் நின்றால் முழக்கம் இரண்டாகப் பிரியும். வலது கை விரல்களில் துணியும் பசையும் சுற்றி உலர்த்திக் கெட்டிப்பட்ட கூடு மாட்டியிருப்பார். அது வலந்தலை என்னும் வலப்பக்கத்தில் விழும்போது கூர்மையான, வறண்ட சத்தம். இடது கையில் குச்சி. அது தொப்பி என்னும் இடப்பக்கத்தில் விழும்போது வயிற்றில் உணரும் சத்தம். கூர்மையும் கனமும் மாறி மாறி விழுந்து, வேகம் ஏற ஏற இரண்டும் சேர்ந்து ஒரு சுவர் மாதிரி எழும்பும். அந்தச் சுவருக்கு மேலே நாதஸ்வரம் அவசரமே இல்லாமல் ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு நகரும்.

கீழே வேகம், மேலே நிதானம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டிரம்ஸின் வேகத்தை மட்டும் துரத்திக்கொண்டு போனால் இந்த இசை களைப்பைத்தான் தரும். மேலே எது மெதுவாக நகர்கிறது என்று கவனித்தால் பாட்டு திறக்கும். ஒப்பீடு இத்துடன் போதும். மேளத்தில் கற்பனைக்கு இடம் உண்டு. மெட்டலில் ஏறக்குறைய எல்லாமே முன்கூட்டி எழுதி ஒத்திகை பார்த்தது.

டெத் மெட்டல்: கனம்

முதலில் இரண்டு சொற்கள். கிட்டாரில் திரும்பத் திரும்ப வரும் குறுகிய சுரக்கோர்வைக்கு 'ரிஃப்' என்று பெயர். மெட்டல் பாட்டின் செங்கல் இதுதான். கிட்டாரின் ஒலியை மின்சுற்றின் வழியாக அளவுக்கு மீறிப் பெருக்கி, அலையின் உச்சிகள் வெட்டுப்படும்படி செய்வது 'டிஸ்டார்ஷன்'. அந்தக் கரகரப்பு அங்கிருந்துதான் வருகிறது.

டெத் மெட்டல் அமெரிக்காவில் உருவானது. சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்தில் பொஸஸ்டு என்ற குழு 1985இல் 'செவன் சர்ச்சஸ்' வெளியிட்டது. சக் ஷுல்டினரின் டெத் குழு 1987இல் 'ஸ்க்ரீம் பிளடி கோர்' கொண்டுவந்தது. பிறகு ஃப்ளோரிடாவின் டாம்பா நகரமே இதற்குத் தலைநகரானது, அங்கிருந்த மோரிசவுண்ட் ஸ்டுடியோ அதன் பட்டறை. 1989இல் மார்பிட் ஏஞ்சலின் 'ஆல்டர்ஸ் ஆஃப் மேட்னெஸ்' வந்தது. இன்று பிளாக்கன்ட் டெத் வாசிக்கும் குழுக்களில் அந்த ஆல்பத்துக்குக் கடன்படாதவர்கள் அபூர்வம் என்றே நினைக்கிறேன்.

இதன் ஒலி கனமாக இருக்க முக்கியக் காரணம் கிட்டார்காரரின் வலது கை. உள்ளங்கையின் ஓரத்தை, சுண்டுவிரலுக்குக் கீழே இருக்கும் சதையை, தந்திகள் கிட்டாரின் உடலோடு சேரும் பாலத்துக்குப் பக்கத்தில் லேசாகப் படிய வைப்பார். அப்படியே மீட்டினால் தந்தி முழுதாக அதிராது. 'ஜங்' என்று நீள வேண்டியது 'ஜக்' என்று நின்றுவிடும். இது 'பாம் மியூட்'. கையை ஒரு நூல் முன்னே தள்ளினால் சத்தம் செத்துவிடும், ஒரு நூல் பின்னே இழுத்தால் முழுதாக ஒலித்துவிடும். நல்ல டெத் மெட்டல் கிட்டார்காரரின் திறமையில் பாதி அந்த இடைவெளியில் இருக்கிறது. ஒவ்வொரு மீட்டலும் தனித்தனியாக, விளிம்போடு விழும்.

இதோடு தந்திகளின் சுருதியையும் இறக்குவார்கள். ஸ்டாக்ஹோமின் என்டூம்ட் போன்ற ஸ்வீடன் குழுக்கள் வழக்கமான சுருதியிலிருந்து ஐந்து அரைச்சுரம் கீழே போனார்கள். குரலும் அடியில்தான். 'க்ரோல்' என்று சொல்லும் அந்த உறுமல், குரல்நாண்களுக்கு மேலே இருக்கும் இன்னொரு ஜோடி மடிப்புகளையும் அதிரச் செய்து எழுப்புவது. முறையாகப் பழகியவர் மூச்சைக் கட்டுப்படுத்தித்தான் பாடுகிறார். பழகாமல் வெறும் கத்தலாக முயன்றால் தொண்டை போய்விடும்.

ஆக, டெத் மெட்டல் என்றால் தாழ்ந்த சுருதி, அறுத்து நிறுத்திய மீட்டல், உறுமல், ஒவ்வொரு அடியும் தெரியும் ஒலிப்பதிவு.

பிளாக் மெட்டல்: மூட்டம்

இங்கிலாந்தின் நியூகாசிலைச் சேர்ந்த வெனம் 1982இல் 'பிளாக் மெட்டல்' என்று ஒரு ஆல்பம் போட்டது. பெயர் அங்கிருந்து வந்தது. ஒலியை வளர்த்தவர்களில் ஸ்வீடனின் பாத்தொரி முக்கியமானது. அதற்கு முழு உருவம் கொடுத்தவர்கள் 1990களின் தொடக்கத்தில் நார்வே இளைஞர்கள்.

டார்க்த்ரோனை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய முதல் ஆல்பமான 'சோல்சைட் ஜர்னி' 1991இல் வந்தது, சுத்தமான டெத் மெட்டல். அடுத்த வருடமே 'எ பிளேஸ் இன் த நார்தர்ன் ஸ்கை' என்று வேறொரு உலகத்துக்குத் தாவிவிட்டார்கள். டெத் மெட்டல் பளபளப்பாகிவிட்டது, விளையாட்டுப் பந்தயம் போல ஆகிவிட்டது என்பது அந்தத் தலைமுறையின் கோபம். அதனால் ஒலியை வேண்டுமென்றே மெலிதாக, பழசாக, குளிராகப் பதிவு செய்தார்கள். 1994இல் வந்த 'டிரான்சில்வேனியன் ஹங்கர்' நாலு ஒலித்தடம் மட்டும் கொண்ட கருவியில் பதிவானது.

வலது கை இங்கே எதிர்த்திசையில் போகிறது. உள்ளங்கை தந்தியைத் தொடாது. பிக் என்னும் சிறு தகட்டால் ஒரே சுரத்தை மேலும் கீழும் விடாமல் மீட்டிக்கொண்டே இருப்பார்கள். இது 'ட்ரெமலோ பிக்கிங்'. நிமிடத்துக்கு 200 தட்டு வேகத்தில், தட்டுக்கு நாலு மீட்டல் என்றால் நொடிக்கு 13 மீட்டல் விழுகிறது. அந்த வேகத்தில் மீட்டல்களின் விளிம்பு கரைய ஆரம்பிக்கும். தனித்தனி அடிகள் மறைந்து ஒரே நீண்ட சுரமாக, மார்கழி விடியலில் வயல் மேல் படியும் பனி மாதிரி பரவி நிற்கும். குரலும் மேலே போகிறது, உறுமலுக்குப் பதில் கீச்சிட்ட அலறல்.

பின்னால் ஓடுவது 'பிளாஸ்ட் பீட்'. காலால் உதைக்கும் பெரிய டிரம்மும் கூர்மையான ஸ்னேர் டிரம்மும் மிக வேகமாக மாறி மாறி விழும் தாளம் அது. டெத் மெட்டலிலும் இது உண்டு. அங்கே அது முட்டித் தள்ளுவதற்கு, இங்கே மூட்டத்தைத் தாங்கிப் பிடிப்பதற்கு.

அந்த நார்வே வட்டத்தில் சிலர் 1992இலிருந்து தேவாலயங்களைக் கொளுத்தினார்கள். 1993இல் மேஹெம் குழுவின் யூரோனிமஸைக் கொன்றவர் சக இசைக்கலைஞர் வர்க் விகெர்னஸ். இதைச் சாகசக் கதையாகச் சொல்லித் திரிபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் மரியாதை இல்லை. குற்றம் குற்றம்தான். இன்றும் இந்த வட்டாரத்தில் இனவெறி பேசும் குழுக்கள் சில உண்டு. ஒரு குழுவைக் கொண்டாடுவதற்கு முன் அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று விசாரித்துக்கொள்வது கேட்பவரின் பொறுப்பு.

பிளாக் மெட்டல் என்றால் தடையில்லாமல் ஒலிக்கும் தந்தி, கரைந்து நீளும் மீட்டல், அலறல், மெல்லிய ஒலிப்பதிவு.

இரண்டும் எங்கே கலக்கின்றன

மன்னார்குடித் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார்: "அண்ணே, அப்ப டெத் மெட்டலை இன்னும் வேகமா, இன்னும் பயங்கரமா வாசிச்சா பிளாக்கன்ட் ஆயிடுமா?" பெரும்பாலானவர்கள் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வேகத்தைக் கூட்டினால் கிடைப்பது வேகமான டெத் மெட்டல்தான்.

கலப்பு நடப்பது வலது கையில். ஒரே பாட்டுக்குள் கை இரண்டு வேலையும் செய்யும். உள்ளங்கை தந்தியில் படிந்து அறுத்து அறுத்து ஒரு ரிஃப் வரும். அது முடிந்ததும் கை மேலே எழும்பும், ட்ரெமலோவில் ஒரு நீண்ட இருண்ட மெட்டு விரியும், கீழே பிளாஸ்ட் பீட் பிடித்துக்கொள்ளும். திரும்ப உள்ளங்கை இறங்கும். கனமும் மூட்டமும் ஒன்றையொன்று அழைத்துக்கொள்வது மாதிரி இருக்கும். எத்தனையோ பாட்டுகளில் இந்த மாற்றம் நடக்கும் நொடிதான் உச்சம். அந்த நொடியைக் காது பிடித்துவிட்டால் வகையின் பெயரை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

மெட்டு விஷயத்தில் நம் ஊர்க் காதுக்கு ஒரு அனுகூலம். இந்த வகையில் அடிக்கடி வரும் 'ஃப்ரிஜியன்' என்ற மேற்கத்திய சுரவரிசையில் ஆதார சுரத்துக்கு அடுத்ததாக அரைச்சுரத் தொலைவில் ஒரு சுரம் நிற்கும். நம் கணக்கில் சொன்னால் ஷட்ஜத்தை ஒட்டிய சுத்த ரிஷபம். அந்த வரிசையின் ஏழு சுரங்களும் அனுமத்தோடி மேளத்தின் சுரங்களே. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இந்தப் பகுதிக்கே சொத்து. அதன் ஆலாபனையில் ரிஷபம் ஷட்ஜத்தின் மேல் சாயும்போது வரும் அழுத்தம் நமக்குப் பழக்கம். கமகமும் பிரயோகமும் வேறு என்பதால் ராகம் அதுவாகிவிடாது, ஆனால் அந்த நெருக்கமான இடைவெளி நம் காதுக்கு அந்நியம் இல்லை. டைசெக்‌ஷன் மாதிரிக் குழுக்கள் வேறு பக்கம் போய், நடபைரவியின் சுரங்கள் கொண்ட மைனர் வரிசையில் சோகமான மெட்டுகள் கட்டினார்கள்.

குரலிலும் கலப்புதான். பெரும்பாலும் உறுமலே முன்னால் நிற்கும், மேலே அலறல் அடுக்கப்படும். ஒலிப்பதிவு மட்டும் டெத் மெட்டல் பக்கம் சாயும். கனமும் தெளிவும் வேண்டும் என்பதால் நாலு தடக் கருவிக்கு இங்கே அதிகம் வேலையில்லை.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1980களில் இரண்டுக்கும் நடுவே சுவரே கிடையாது. பிரேசிலின் சார்கோஃபாகோ 1987இல் போட்ட 'ஐ.என்.ஆர்.ஐ.', கனடாவின் பிளாஸ்ஃபெமி 1990இல் போட்ட 'ஃபாலன் ஏஞ்சல் ஆஃப் டூம்' இரண்டையும் எந்தப் பக்கம் வைப்பது என்று இன்னும் வாதம் நடக்கிறது. சுவர் எழுப்பியது நார்வேக்காரர்கள். அதைத் தாண்டி வந்தவர்கள் அடுத்த அலை. போலந்தின் கிடான்ஸ்கில் 1991இல் பிளாக் மெட்டலாகத் தொடங்கிய பெஹெமத், 1999இல் 'சட்டானிகா' மூலம் டெத் மெட்டல் எலும்பை உள்ளே வைத்துக்கொண்டது. நார்வேயின் எம்பரர் குழுவைச் சேர்ந்த சமோத் 2001இல் சிக்லான் என்ற குழுவோடு 'வேர்ல்ட் ஆவ் வோர்ம்ஸ்' கொண்டுவந்தார். ஆஸ்திரியாவின் பெல்ஃபெகோர், லண்டனின் ஆகெர்காக் என்று ஆளுக்கொரு வழியில் வந்து சேர்ந்தார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர்கள்

முகச்சாயம் ஓர் ஒப்பனை, அதைப் பூசியவர்கள் எந்த வகையிலும் இருக்கலாம். டிம்மு போர்கிரின் பெரிய வாத்தியக்குழு ஒலி சிம்ஃபோனிக் பிளாக் மெட்டல். ஸ்வீடனின் கோதன்பர்க்கில் அட் த கேட்ஸ் வளர்த்தது மெலடிக் டெத் மெட்டல். அதில் மெட்டு உண்டு, பிளாக் மெட்டலின் மூட்டம் இல்லை. லோர்னா ஷோர் என்ற குழு இப்போது பிரபலம். பாட்டின் நடுவில் தாளம் திடீரென்று பாதியாக இறங்கி நசுக்குகிற 'பிரேக்டவுன்' அவர்களுக்கு உயிர்நாடி. அது ஹார்ட்கோர் என்ற பங்க் ராக் மரபிலிருந்து வந்தது. டெத் மெட்டலும் ஹார்ட்கோரும் கலந்தது டெத்கோர் என்பதால் அவர்களை பிளாக்கன்ட் டெத்கோர் என்று சொல்வது சரி. இவை எதுவும் தரக்குறைவானவை இல்லை, முகவரி வேறு.

பாடல் வரிகளைப் பற்றி

கோயிலும் குளமுமாக இருக்கிற ஊரில் சாத்தான் படம் போட்ட சட்டையோடு நடந்தால் வீட்டில் கேள்வி வரும். வரட்டும், பதில் இருக்கிறது. பெஹெமத்தின் கோபம் போலந்தில் கத்தோலிக்கத் திருச்சபைக்கு இருக்கும் செல்வாக்கின் மீதான கோபம். 2007இல் கிடினியா மேடையில் அவர்களின் தலைவர் நெர்கல் விவிலியத்தைக் கிழித்தார், வழக்கு வருடக்கணக்கில் நடந்தது. பிறர் வணங்குகிற நூலை மேடையில் கிழிப்பது எனக்கு ஏற்புடையதில்லை. ஆனால் 2010இல் அவருக்கு ரத்தப் புற்றுநோய் வந்து, எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையில் பிழைத்து, 2014இல் அவர் கொண்டுவந்த 'த சட்டானிஸ்ட்' ஆல்பத்தைக் கேட்கும்போது அதில் உயிர்மேல் இருக்கிற ஆசைதான் எனக்குக் கேட்கிறது.

சாத்தான் இல்லாமலும் இந்த மாதிரி இசை உண்டு என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று. சிங்கப்பூரில் 1992இல் தொடங்கிய ருத்ரா. முன்னால் நின்று பாடி பேஸ் கிட்டார் வாசிப்பவர் கதிர். டெத், பிளாக், த்ராஷ் (வேகமான இன்னொரு மெட்டல் வகை) மூன்றும் கலந்த ஒலியில் வேதாந்தத்தைப் பாடுகிறார்கள், அதற்கு 'வேதிக் மெட்டல்' என்று அவர்களே பெயர் வைத்திருக்கிறார்கள். 2005, 2009, 2011 ஆண்டுகளில் வந்த மூன்று 'பிரம்மவித்யா' ஆல்பங்கள் அவர்களின் பெரிய சாதனை. சமஸ்கிருத சுலோகம் ஓதி முடிந்த கையோடு பிளாஸ்ட் பீட் பாயும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்க்கும். மும்பையின் டெமானிக் ரெசரக்‌ஷன் 2017இல் திருமாலின் பத்து அவதாரங்களையும் வைத்து 'தசாவதார்' என்று ஆல்பம் செய்தது.

போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள்

இது ரசனைப் பிடிவாதம் இல்லை, இயற்பியல். ஐந்து அரைச்சுரம் இறக்கிய கிட்டாரின் தடித்த தந்தி சுமார் 62 ஹெர்ட்ஸில் அதிரும், பேஸ் கிட்டார் அதற்கும் பாதி. விரல்நக அளவு போன் ஸ்பீக்கரால் அந்தத் தாழ்ந்த ஒலியை எழுப்ப முடியாது. கனம் முழுவதும் தொலைந்து மேலே இருக்கும் சீறல் மட்டும் வெளியே வரும். அதாவது இசையின் டெத் பாதி போய்விடும். 'இரைச்சல்' என்று தள்ளிவிட்டவர்களில் பலர் அந்தப் பாதியைக் கேட்டதே இல்லை. பஸ்ஸிலும் இதே கதைதான், தஞ்சாவூர் பஸ்ஸின் இன்ஜின் உறுமல் அந்தத் தாழ்ந்த ஒலியை விழுங்கிவிடும். ராத்திரி வீட்டில், காதை மூடும் சாதாரண ஹெட்போன் போதும். சத்தத்தைக் கூட்ட வேண்டாம். குறைவான சத்தத்தில்தான் கிட்டாரையும் டிரம்ஸையும் காது பிரித்துக்கொள்ளும்.

என்னைக் கேட்டால் முதலில் 'த சட்டானிஸ்ட்'. ஒன்பது பாட்டு, முக்கால் மணி நேரம். முதல் பாட்டே நிதானமான வேகத்தில், பித்தளைக் குழல்களோடு எழும்புவதால் புதியவர் திணற மாட்டார். முதல் தடவை டிரம்ஸை விட்டுவிட்டு மேலே நகரும் மெட்டை மட்டும் பிடியுங்கள். அடுத்த தடவை கிட்டார்காரரின் வலது கை எங்கே படிகிறது, எங்கே எழும்புகிறது என்று கேளுங்கள்.

அதன்பின் டைசெக்‌ஷனின் 'ஸ்டார்ம் ஆஃப் த லைட்ஸ் பேன்' (1995). நீலப் பனிவெளியில் குதிரைமேல் மரணம் வரும் அட்டைப்படம். மெலடிக் பிளாக் மெட்டல் என்று பலர் சொல்வார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனால் இந்தக் கலவையின் மெட்டுப் பக்கத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் இல்லை. தலைவர் யோன் நோட்வெய்ட் பின்னாளில் ஒரு கொலை வழக்கில் தண்டனை பெற்றவர் என்பதையும் தெரிந்துகொண்டே கேளுங்கள். இதன் கூடப்பிறந்த மாதிரி இருப்பது நெக்ரோஃபோபிக்கின் 'த நாக்டர்னல் சைலன்ஸ்' (1993).

கனத்தின் பக்கம் போக பெஹெமத்தின் 'டெமிகாட்' (2004). இதில் மூச்சுவிட இடமே கிடையாது, அதனால்தான் இதை முதலில் கொடுக்கவில்லை. பெல்ஃபெகோரின் அட்டைப்படங்கள் பலவும் ஆபாசமானவை, வீட்டுக் கூடத்தில் திறக்க வேண்டாம். இசை மட்டும் இரும்பு. ஆகெர்காக்கின் 'வேர்ட்ஸ் தட் கோ அன்ஸ்போக்கன், டீட்ஸ் தட் கோ அன்டன்' (2005) கடைசியில் கேட்க வேண்டியது. கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வாசித்த இந்த லண்டன்காரர்கள் நடுநடுவே அமைதியான, மென்மையாகப் பாடும் பகுதிகளையும் வைப்பார்கள். மற்றவற்றில் காது பழகிய பிறகுதான் அந்தத் திருப்பங்களின் துணிச்சல் தெரியும்.

நேரில் கேட்க ஆசை வந்தால் படுகை மாவட்டங்களில் மேடை கிடைப்பது கஷ்டம். சென்னை அல்லது பெங்களூர்தான். மெட்டலுக்கென்றே பெங்களூர் ஓப்பன் ஏர் விழாவை 2012இல் தொடங்கினார்கள். மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகப் போகும் மைசூர் எக்ஸ்பிரஸில் சாயங்காலம் ஏறினால் காலையில் பெங்களூரில் இறங்கலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சு மாதிரியான காதடைப்பான் ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். மேடை ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே போய் நிற்காமல், பின்னால் ஒலியைச் சமன்செய்யும் மேசைக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள். கிட்டார், டிரம்ஸ், குரல் எல்லாம் சரியான அளவில் வந்து சேரும் இடம் பெரும்பாலும் அதுதான்.